வலப்பக்கத்துச் சிறகு

தண்ணீருக்குள் முகத்தை வைத்ததும் முதலில் மாறுவது காதுதான். தோணியின் இன்ஜின், ஸொப்பேயின் பாட்டு, கால்துடுப்பு ஒன்றைக் காணோம் என்று யாரோ ஒரு விருந்தாளி புலம்புவது எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடும். இந்தப் பக்கம் கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் நறநறப்பும், குழல் வழியே போய்வரும் என் மூச்சும் மட்டும் இருக்கும். அந்த மூச்சு என்னுடையதுதானா என்றுகூடச் சில நாள் சந்தேகம் வரும். எனக்குச் சந்தேகம் வராத விஷயங்கள் குறைவு.

அன்று அமாவாசைக்கு மறுநாள். எங்கள் நாட்காட்டியில் மா நட்சத்திரக் காலத்தின் எட்டாம் நாள். தென்மேற்குக் காற்று மூன்று நாளாக ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. கடல் ஏற்றம் ஒன்று இருபதுக்கு. இப்படிக் காற்றும் நிலவும் ஏற்றமும் ஒன்றுசேரும் நாட்களில் வெளிக்கடலில் மிதக்கும் நுண்ணுயிர்ப் பொடியெல்லாம் எங்கள் விரிகுடாவுக்குள் அடித்து வரப்பட்டு, திரும்பிப் போக வழி தெரியாமல் அங்கேயே சுற்றும். தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கும். அந்தக் கஞ்சியைக் குடிக்க ஆனைத்திருக்கைகள் வரும்.

ஒன்று ஐந்துக்கு ஏழு விருந்தாளிகளோடு இறங்கினேன். நாற்பத்தைந்து நிமிடம்தான் அனுமதி. தொடக்கூடாது, துரத்தக்கூடாது, கீழே முங்கக்கூடாது. மேலே மிதந்தபடி பார்த்துக்கொள்ளலாம். நான் ஏழு பேரையும் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். மூன்றாம் முறை எண்ணும்போது கீழே ஏதோ விரிந்தது.

முதலில் வருவது உருவம் இல்லை, ஒரு வெளிச்சக் குறைவு. பிறகு அதன் நடுவே வாய் தெரியும். வாயை அகலத் திறந்தபடி வரும் திருக்கையின் உள்ளே செவுள் வழியாக வெளிச்சம் ஊறும். விளக்கு வைத்த கூடாரம் ஒன்று நம்மை நோக்கி மெல்ல நடந்து வருகிற மாதிரி இருக்கும். அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. ஒன்றின் வாலை அடுத்தது தொடர, இருபத்து மூன்று திருக்கைகள் வட்டமாகச் சுற்றின. சுற்றச் சுற்ற வட்டம் இறுகியது. நான் எங்கேயும் நீந்தவில்லை. ஆனாலும் நானும் சுற்றுவதுபோல் இருந்தது.

அப்போது ஒன்று வட்டத்தைவிட்டுக் கிளம்பி, நேராக எனக்குக் கீழே எழுந்து, முகத்துக்கு ஒரு கை தூரத்தில் மல்லாந்தது.

வயிறு முழுக்க வெள்ளை. அதில் கறுப்புப் புள்ளிகள். திருக்கைகளுக்கு முகம் வயிற்றில்தான் என்று சொல்லலாம். ஒன்றின் புள்ளிகள் இன்னொன்றுக்கு இருக்காது, சாகும்வரை மாறவும் மாறாது. எண்ணு, யும்னா, எண்ணு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கழுத்தில் தொங்கிய பலகையில், சிறகிலிருந்து சிறகுவரை ஐந்து கட்டம் போட்டு எண்ணிக்கையை எழுதினேன். ஒன்று, பூஜ்யம், நான்கு, இரண்டு, பூஜ்யம். அது நகரவில்லை. அல்லது நகர்ந்துகொண்டேதான் இருந்தது, எனக்குத்தான் நேரம் நின்றுவிட்டது. வலது பக்கச் சிறகின் முன்னோரத்தில் கயிறு இறுக்கிய மாதிரி ஒரு பழைய வடு. அதையும் குறித்தேன். பென்சிலை நான் தூக்கியபோது அங்கே தண்ணீர் மட்டுமே இருந்தது.

தோணியில் ஏறியதும் ஸொப்பேயிடம் பலகையைக் காட்டினேன். அவனும் என்னைப் போல மாலை வகுப்பில் கடல் வழிகாட்டிச் சான்றிதழுக்குப் படிப்பவன். என்னைவிட ஒரு வயது சின்னவன், பத்து மடங்கு சத்தம்.

"இந்த மாதிரி நான் பாத்ததே இல்லையே" என்றான். "ஏய், புதுசா இருக்கும் போல! பொண்டிபாய் எப்போ?"

"சும்மா இரு. இன்னும் பதிவேட்டப் பாக்கல."

"பதிவேட்டப் பாத்து, திரும்பப் பாத்து, உங்கம்மாவ விட்டும் ஒரு தடவ பாக்கச் சொல்லி… அதுக்குள்ள அந்தத் திருக்கை கெழவியாயிடும்."

வகுப்பு அறையில் ஒரு பெரிய பதிவேடு இருக்கிறது. விரிகுடாவுக்கு வந்த நானூற்றுப் பன்னிரண்டு திருக்கைகளின் வயிறுகள் அதில் வரையப்பட்டிருக்கின்றன. புதிய ஒன்றை முதலில் பதிகிறவருக்கு அதற்குப் பெயர் வைக்கும் உரிமை உண்டு. பெயர் வைப்பவர், குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் செய்வதுபோல, பொண்டிபாய் என்ற இனிப்புச் சோறு கிளறி எல்லோருக்கும் தர வேண்டும். எங்கள் வகுப்பில் பதினொரு பேர். பத்துப் பேர் ஆளுக்கொன்றுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஸொப்பே வைத்த பெயர் 'டூரிஸ்ட்'. வருஷத்துக்கு ஒரே வாரம் வந்துவிட்டுப் போவதால் அப்படி.

நான் இரண்டு பருவமாக ஒரு பெயரை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஹந்துவரு. நிலவொளி என்று பொருள். ஐந்து பிள்ளைகளில் நான் கடைசி. என் வாழ்நாளில் எதற்கும் பெயர் வைக்கும் முறை எனக்கு வந்ததில்லை. வீட்டுப் பூனைக்குக்கூட ஷமூன் பேபேதான் வைத்தார்.

ஷமூன் பேபே என் மூத்த அண்ணன், தோணியின் கேப்டன். அதுவரை சுக்கானைப் பிடித்தபடி நின்றவர் திரும்பி, "வடுன்னு சொன்னியா?" என்றார்.

"ஆமா பேபே. செறகுல. கயிறு அறுத்த மாதிரி."

"எந்தப் பக்கம்?"

அவர் முகம் அப்படி ஆனதை நான் பார்த்ததில்லை. பலகையைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

"வலது."

பேபே சுக்கான் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதுக்கு இடது" என்றார், கடலைப் பார்த்து.

எது என்று யாரும் கேட்கவில்லை. தோணியில் எல்லோருக்கும் தெரியும். நான்கு பருவங்களுக்கு முன்னால், ஒரு காற்று நாளில், பேபே பின்கயிற்றை உள்ளே இழுக்க மறந்துவிட்டார். தண்ணீரில் இழுபட்டுக் கிடந்த அந்தக் கயிற்றில் ஒரு திருக்கை மாட்டிக்கொண்டது. அது அவரே பெயர் வைத்த திருக்கை, பொடுபெரு. சிறகை அது அடித்துக்கொண்டு வந்த விதம் எங்கள் பெரிய மேளமான பொடுபெருவை அறைவதுபோல் இருந்ததால் அந்தப் பெயர். அது மிரண்டு இழுத்ததில் தோணி ஒருபக்கமாகச் சாய்ந்தது. உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். பேபே கத்தியை எடுத்துக் கயிற்றைத் தோணிப் பக்கம் வெட்டினார். திருக்கை அறுபதடிக் கயிற்றோடு ஆழத்துக்குப் போனது. அதற்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. பதிவேட்டில் அதன் எதிரே 'காணவில்லை' என்று நான்கு முறை எழுதியாகிவிட்டது.

அன்றிலிருந்து பேபே தோணியை ஓட்டுகிறார், நங்கூரம் போடுகிறார், விருந்தாளிகளுக்குக் கைகொடுத்து ஏற்றிவிடுகிறார். தண்ணீருக்குள் மட்டும் முகத்தை வைப்பதில்லை. அவருடைய நீச்சல் கண்ணாடி முன்பக்கப் பெட்டியில் ரப்பர் வெடித்துக் கிடக்கிறது.

அன்று மாலை வகுப்பில் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். 1-0-4-2-0 என்று எதுவும் இல்லை. மறுபடி புரட்டினேன். நுஹா மிஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் பலகையைப் பார்த்தார். வகுப்பின் ஒரே கேமரா பழுது பார்க்கத் தலைநகர் மாலேவுக்குப் போயிருந்தது.

"படம் கிடைக்கிற வரைக்கும் பென்சில்ல எழுதிவைப்போம்" என்றார். "பேரு யோசிச்சு வெச்சிருக்கியா?"

"ரெண்டு வருஷமா மிஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். நானூற்றுப் பதின்மூன்று, ஹந்துவரு என்று மிஸ் எழுதினார். வீட்டுக்கு நடக்கும்போது மணல் காலுக்கடியில் படுவதே தெரியவில்லை. நாளை மறுநாள் பொண்டிபாய் கிளறித் தருவதாக அம்மா சொன்னாள்.

நாளை மறுநாள் வந்தது. வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். ஏன் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியும்: நான் சரியாக எண்ணினேனா என்ற சந்தேகம். அந்த ஒரு வயிறு மறுபடி கிடைக்காது. ஆனால் இந்தப் பருவத்தில் நான் கட்டம் போட்டுக் குறித்த மற்றத் திருக்கைகள் நோட்டில் இருந்தன. அவற்றில் பன்னிரண்டுக்கு ஸொப்பே தண்ணீரிலேயே பெயர் சொல்லியிருந்தான். அவற்றைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் என் கண் எவ்வளவு நம்பகமானது என்று தெரிந்துவிடும். பன்னிரண்டில் பத்து சரியாக இருந்தால் போதும் என்று முடிவு செய்துகொண்டேன்.

பதினொன்று தவறு.

தவறில்லாத ஒன்று 1-2-0-2-1.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சிறுமிகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டில் ஐந்தாறு தவறு என்றால் கண் சரியில்லை. பதினொன்று தவறு என்றால் கண் சரியாகத்தான் இருக்கிறது, வேறு ஏதோ ஒன்று ஒழுங்காகத் தவறிக்கொண்டிருக்கிறது. சரியான அந்த ஒன்றை மறுபடி பார்த்தேன். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அது ஒன்றே.

பிறகு என் கையைப் பார்த்தேன். பென்சில் பிடித்த கை நோட்டின் வலது ஓரத்தில், அடுத்த வரியைத் தொடங்கத் தயாராக இருந்தது.

எங்கள் எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் தொடங்கி என் கை போன வழி அது. என் முதல் கட்டம் வலது ஓரத்துக் கட்டம். பதிவேட்டின் முதல் கட்டமோ இடது ஓரத்தில். வகுப்பின் முதல் வாரம் மிஸ் அதைச் சொல்லியிருப்பார். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். யாரிடமும் கேட்கவில்லை, கட்டத்தில் எண் போடுவதற்கு என்ன கேட்பது என்று. வடுவையும் அப்படியே குறித்திருந்தேன். என் வலக்கைப் பக்கம் இருந்ததால் வலது. மல்லாந்து வயிற்றைக் காட்டும் திருக்கை, எதிரே வந்து நிற்கும் ஆள் மாதிரி. என் வலக்கைப் பக்கம் இருப்பது அதன் இடது.

1-0-4-2-0 என்பதைத் திருப்பினேன். 0-2-4-0-1.

பதிவேட்டில் எழுபத்தெட்டாம் பக்கம். தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கத்தின் ஓரம் மற்றப் பக்கங்களைவிட அழுக்காக இருந்தது. யாரோ அடிக்கடி எடுத்துப் பார்த்த பக்கம். பொடுபெரு. காணவில்லை, காணவில்லை, காணவில்லை, காணவில்லை.

சந்தோஷம்தான் முதலில் வந்தது என்று எழுத ஆசை. முதலில் வந்தது அது இல்லை. ஹந்துவரு என்ற பெயர் பென்சிலில் எழுதியிருந்த பக்கத்தைத்தான் முதலில் திருப்பிப் பார்த்தேன்.

வாசலில் ஸொப்பேயின் சத்தம் கேட்டது. அம்மா கொடுத்தனுப்பிய பொண்டிபாய்ப் பானையை அவன் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னாலேயே மற்றவர்களும் மிஸ்ஸும். நான் பதிவேட்டை மூடினேன்.

"ஹந்துவருவோட அம்மா இங்க இருக்காங்க!" என்று கத்தினான். "வழி விடுங்க, வழி விடுங்க!"

"விரலை எடுடா பானையிலேருந்து" என்றார் மிஸ்.

"சூடா இருக்கான்னு பாத்தேன் மிஸ்."

எல்லோரும் சாப்பிட்டார்கள். அம்மா தேங்காயைத் தாராளமாகப் போட்டிருந்தாள். நன்றாக இருக்கிறது என்று பத்துப் பேரும் சொன்னார்கள். நானும் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, கேமரா எப்போது திரும்பும் என்று கேட்டேன். பருவம் முடியும்போதுதான் என்றார் மிஸ். அதுவரை யாரும் எதையும் சரிபார்க்கப் போவதில்லை. ஹந்துவரு இரண்டரை மாதம் இருக்கலாம். அந்தக் கணக்கை மனதுக்குள் நான் போட்டதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலையில் பேபே கரையில் இருந்தார். தோணியை மணலில் ஏற்றி, அடிப்பக்கத்துப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வீட்டில் பிசைந்த மாஸ் ஹூனி மீன்கலவையும் ரொஷி ரொட்டியும் அவருக்குக் கொண்டு போயிருந்தேன். அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் பாதிவழி வரை நினைத்திருந்தேன்.

"பேபே. அது இடது."

"எது?"

"வடு. நான் தப்பாச் சொல்லிட்டேன். கட்டமும் தப்பு. எல்லாத்தையும் வலதுலேருந்து எழுதிட்டேன். திருப்பிப் பாத்தா…" அவர் வைத்த பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. "பொடுபெரு."

சுரண்டுவது நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது, முன்னைவிட வேகமாக.

"நேத்துதான் அதுக்குப் பேரு வெச்சு ஊரெல்லாம் இனிப்புக் குடுத்த. இன்னைக்கு அது இல்லைங்கற. நாளைக்கு என்ன சொல்லுவ?"

"பன்னெண்டு திருக்கையப் பாத்துட்டேன் பேபே. எல்லாமே தலைகீழாத்தான் எழுதியிருக்கேன். நோட்டு இங்கதான் இருக்கு, பாருங்க."

"உன் நோட்ட நம்பச் சொல்ற."

"இல்ல. நோட்டு தப்புன்னுதான் சொல்றேன்."

அதற்கு அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் வேறு ஏதோ ஆனது. மணலில் உட்கார்ந்து ரொஷியைப் பிய்த்தார், சாப்பிடவில்லை.

"நீ சொல்லலேன்னா யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"பேரு போயிடும்."

"போயிடும்."

"அப்புறம் ஏன் சொல்ற?"

"பதிவேட்டுல எழுபத்தெட்டாம் பக்கம் ரொம்ப அழுக்கா இருக்கு பேபே" என்றேன்.

அவர் காது சிவந்தது. ரொஷியை வாயில் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் மென்றார்.

அன்று மாலை வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன். நுஹா மிஸ் தன் தலையில் அடித்துக்கொண்டு, முதல் வாரப் பாடத்தை இனி இரண்டு முறை நடத்துவதாகச் சொன்னார். நானூற்றுப் பதின்மூன்றை நானே ரப்பரால் அழித்தேன். 'ஹ' கொஞ்சம் மிச்சம் தெரிந்தது. அதையும் அழித்தேன்.

"அப்போ நாங்க தின்ன பொண்டிபாய்?" என்றான் ஸொப்பே.

"கக்கு."

"காணாமப் போனது திரும்பி வந்தா எத்தன பானைன்னு சட்டத்துல இருக்கா மிஸ்?"

பௌர்ணமிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் பேபே அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருமுறை மட்டும், இரவுச் சாப்பாட்டில் கருதியா மீன் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஆழமாப் பதிஞ்சிருந்துச்சா? வடு?" என்று கேட்டார். "ஆறியிருந்துச்சு" என்றேன்.

பௌர்ணமி அன்று ஏற்றம் மதியத்துக்குச் சற்றுப் பிந்தியது. தோணியைக் கட்டியதும் பேபே பின்கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்தார். கை வைத்துப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். எங்கள் குடும்பத்தில் அப்படிப் பார்ப்பது நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். பிறகு முன்பக்கப் பெட்டியைத் திறந்து தன் கண்ணாடியை எடுத்து மாட்டப் பார்த்தார். வார் கையோடு வந்துவிட்டது.

"ஸொப்பே, சுக்கானப் பிடி" என்றார். "யுமி, உங்கிட்ட இன்னொண்ணு இருக்குமே?"

"மூணு இருக்கு."

"தெரியும்."

விருந்தாளிகள் இறங்கி முடித்த பிறகு, ஏணியில் முதுகைக் காட்டி, வயதானவர்களைப்போல ஒவ்வொரு படியாக இறங்கினார். கழுத்துவரை தண்ணீரில் நின்று கொஞ்ச நேரம் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகம் உள்ளே போனது.

அன்று தண்ணீர் பால் கலந்த மாதிரி இருந்தது. சூரியன் அதற்குள் கம்பி கம்பியாக இறங்கி, எதையும் தொடாமல் கரைந்தது. ஒரு அழுங்காமை எங்களைப் பொருட்படுத்தாமல் மூச்சுவிட மேலே போனது. சின்ன வெள்ளி மீன்கள் திரளாக வந்து, எங்கள் இரண்டு பேரையும் நடுவில் விட்டுப் பிரிந்து, மறுபடி ஒன்றாயின. கீழே வட்டம் தொடங்கியிருந்தது. ஒன்பது, பத்து, பதினான்கு. விளக்கு வைத்த கூடாரங்கள். பேபேயின் மூச்சு என் மூச்சைவிடச் சத்தமாகக் கேட்டது. பின்பு இரண்டும் சேர்ந்து ஒன்றாகக் கேட்டது. எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி இருந்தது, ஆனால் எல்லாம் துல்லியமாகத் தெரிகிற ஒரு தூக்கம்.

நான் வயிறுகளைத் தேடினேன். மல்லாந்த ஒவ்வொன்றிலும் இடது ஓரத்திலிருந்து தொடங்கி எண்ணினேன். மூன்று, ஒன்று… இல்லை. பூஜ்யம், பூஜ்யம்… இல்லை. இருபது நிமிடம். முப்பது. அது இன்று வராமலே போகலாம். அல்லது பதிவேட்டில் தேடியதிலும் நான் தப்பு செய்திருக்கலாம்.

முப்பத்தாறாம் நிமிடம் அது வந்தது. வட்டத்திலிருந்து இல்லை, வெளிக்கடல் பக்கமிருந்து, தனியாக, சிறகை மேளத்தில் அறைவதுபோல அடித்துக்கொண்டு. பேபேவுக்குப் புள்ளி எண்ண வேண்டியிருக்கவில்லை. அது வரும் விதத்திலேயே அவர் உடம்பு விறைத்தது. குழல் வழியாக அவர் ஏதோ சொன்னார். ஒரு பெயராக இருக்கலாம், வெறும் காற்றாகவும் இருக்கலாம்.

அது எங்களுக்குக் கீழே எழுந்து மல்லாந்தது. வெள்ளை வயிறு. பூஜ்யம், இரண்டு, நான்கு, பூஜ்யம், ஒன்று. என் வலக்கைப் பக்கச் சிறகில் அந்த வடு, வெளிறி, மழுங்கி, பழைய தையல் மாதிரி. கயிறு எப்போது, எந்தக் கடலில் கழன்று விழுந்ததோ தெரியாது. பேபே தொடவில்லை. தன் இடது தோளை மட்டும் வலது கையால் பிடித்துக்கொண்டார். திருக்கையின் கண் எங்களைக் கடந்து போனது. அவரை அடையாளம் கண்டதுபோல என்று எழுத மாட்டேன். அது கஞ்சி குடிக்க வந்தது. குடித்துவிட்டு இன்னொரு சுற்று சுற்றியது, இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டிருந்தேன்.

தோணியிலிருந்து ஸொப்பே விசிலடித்தான். நேரம் முடிந்தது.

பேபே ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் ரப்பரின் வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதற்குள் கண்கள் வேறு மாதிரி சிவந்திருந்தன. உப்புத் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"கேப்டன்! அதுதானா?" ஸொப்பே மேலேயிருந்து கத்தினான்.

பேபே திரும்பி என்னைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். கைகளைப் பார்க்கவில்லை.

"இடது" என்றேன்.

"எழுதிக்கோ" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, ஏணியை விட்டுவிட்டு, விசிலைக் காதில் வாங்காமல் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார்.